பகுதிகள் வேறாக இருக்கும்போது பின்னங்களைக் கூட்டுவது, கழிப்பது எப்படி?

1/2 + 1/3 எவ்வளவு என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், 2/5 என்று எழுதும் பிள்ளைகள் நிச்சயம் சிலர் இருப்பார்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. பார்வைக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 2/5 என்பது அரையைவிடச் சிறியது. கையில் இருந்த அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம். சேர்த்த பிறகு அது அரைக்கும் கீழே எப்படிப் போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டாலே பாதிப் பாடம் முடிந்த மாதிரி. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்துப் போட்டித் தேர்வுக்கு உட்கார்ந்திருப்பவர்கள், பின்னம் என்றாலே ஒதுங்கிப் போனவர்கள் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்திருந்தால் போதும்.

பெயர்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 3/4 என்ற பின்னத்தில் மேலே இருக்கும் 3 தொகுதி, கீழே இருக்கும் 4 பகுதி. முழுப்பொருளை எத்தனை சம துண்டாக வெட்டினோம் என்பதைப் பகுதி சொல்கிறது. அதில் எத்தனை துண்டு நம்மிடம் இருக்கிறது என்பதைத் தொகுதி சொல்கிறது. ஆக, பகுதி துண்டின் அளவு. தொகுதி துண்டுகளின் எண்ணிக்கை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லா விதியும் தானாகவே வரும். பகுதிகள் ஒன்றாக இருந்தால் அவை ஓரினப் பின்னங்கள், வேறாக இருந்தால் வேற்றினப் பின்னங்கள்.

ஓரினப் பின்னங்களில் சிக்கலே கிடையாது. 2/7 + 3/7 = 5/7. ஏழில் ஒரு பங்குத் துண்டுகள் இரண்டு, அதே அளவுத் துண்டுகள் மூன்று, மொத்தம் ஐந்து. துண்டின் அளவு மாறவில்லை என்பதால் பகுதி 7 அப்படியே நிற்கிறது. பகுதிகளை ஏன் கூட்டக்கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்: எண்ணும்போது துண்டு பெரிதாவதும் இல்லை, சிறிதாவதும் இல்லை.

காகிதப் பட்டையில் ஒரு முறை செய்து பாருங்கள்

வேற்றினப் பின்னத்துக்கு வருவோம். 1/3 + 1/4 என்ற கணக்கை விதி எதுவும் சொல்லாமல் கையால் செய்வோம். ஒரு தாளிலிருந்து சரியாக 12 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு கோடு போடுங்கள். இந்தப் பட்டைதான் நம் முழுமை, அதாவது 1.

இதில் 1/3 எவ்வளவு நீளம்? 12-ஐ மூன்றாகப் பங்கிட்டால் 4 செ.மீ. இடது ஓரத்திலிருந்து நான்கு கட்டங்களுக்குச் சிவப்பு தீட்டுங்கள். 1/4 எவ்வளவு? 3 செ.மீ. சிவப்பு முடிந்த இடத்திலிருந்து மூன்று கட்டங்களுக்கு நீலம். இப்போது வண்ணம் தீட்டிய கட்டங்களை எண்ணுங்கள். பன்னிரண்டில் ஏழு. ஆகவே 1/3 + 1/4 = 7/12.

கணக்கு முடிந்தது. இதில் நடந்தது என்ன என்று நிதானமாகப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் வேறு வேறு அளவு என்பதால் அவற்றைச் சேர்த்து எண்ண வழியில்லாமல் இருந்தது. இரண்டையும் 1 செ.மீ. கட்டங்களாக மாற்றியதும் எண்ண முடிந்தது. சிவப்புத் துண்டு நீளவும் இல்லை, குறையவும் இல்லை. 1/3 என்று சொல்லிக்கொண்டிருந்ததை 4/12 என்று சொல்கிறோம், அவ்வளவுதான். அதேபோல் 1/4 இப்போது 3/12. இப்படி மதிப்பு மாறாமல் உருவம் மட்டும் மாறிய பின்னங்களைச் சமான பின்னங்கள் என்கிறோம்.

இன்னொரு கேள்வி. பட்டை ஏன் 12 செ.மீ.? 10 செ.மீ. பட்டையில் செய்து பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு 3.33 என்று எந்தக் கோட்டிலும் நிற்காமல் நடுவில் விழும். 8 செ.மீ. என்றால் கால் பங்கு சரியாக வரும், மூன்றில் ஒரு பங்கு வராது. 24 செ.மீ. என்றால் இரண்டுமே வரும்: 8 கட்டம், 6 கட்டம், மொத்தம் 14/24. இதைச் சுருக்கினாலும் 7/12தான். ஆக, 3-ஆலும் 4-ஆலும் மீதியின்றி வகுபடும் எந்த நீளமும் சரி. அவற்றில் மிகச் சிறியது 12. அதைத்தான் 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.சி.ம. என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் இதுவே பொ.ம.சி. எல்.சி.எம். என்று சொல்லிப் பழகியவர்களும் பலர்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீ.சி.ம. என்ற சொல்லைச் சொல்வதற்கு முன்னால், "2/3-யும் 1/5-யும் கூட்ட எத்தனை செ.மீ. பட்டை வெட்டலாம்?" என்று கேளுங்கள். பதினைந்து என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேலையே பட்டையாக வைத்துக்கொள்ளலாம்: 10 கட்டம், 3 கட்டம், விடை 13/15. நாலைந்து கணக்கு இப்படிச் செய்த பிள்ளை பிறகு விதியை மறந்தாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு மறந்தால் மறந்ததுதான்.

முதல் படி: பேனாவை எடுக்கும் முன் மதிப்பிடுங்கள்

பெரும்பாலான புத்தகங்கள் நேராக மீ.சி.ம.வில் தொடங்கும். நான் அதற்கு முன்னால் ஒரு படி வைப்பேன். இரண்டு பின்னங்களும் 0, 1/2, 1 ஆகிய மூன்றில் எதற்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்து, விடை ஏறத்தாழ எவ்வளவு வரவேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அமெரிக்காவில் 1978-ல் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் வந்த ஒரு கேள்வி நல்ல உதாரணம். 12/13 + 7/8 ஏறத்தாழ எவ்வளவு என்று கேட்டு 1, 2, 19, 21 என்று நான்கு விடைகள் கொடுத்தார்கள். கணக்குப் போட வேண்டியதே இல்லை. 12/13 கிட்டத்தட்ட 1, 7/8-உம் கிட்டத்தட்ட 1, ஆக 2. ஆனால் பதின்மூன்று வயது மாணவர்களில் 24 சதவீதம் பேர்தான் 2 என்று சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோர் தேர்ந்தெடுத்தது 19 அல்லது 21. தொகுதிகளைக் கூட்டினால் 12 + 7 = 19. பகுதிகளைக் கூட்டினால் 13 + 8 = 21. பின்னம் ஒரு அளவு என்பதே மறந்துபோய், மேலும் கீழும் இரண்டு தனித்தனி எண்களாகத் தெரிந்தால் இப்படித்தான் ஆகும்.

மதிப்பிடும் பழக்கம் வந்துவிட்டால் தவறான விடை வரும்போது கையே நின்றுவிடும். பின்னக் கணக்கில் இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி: பொதுவான பகுதியைக் கண்டுபிடியுங்கள்

இரு பகுதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வகையில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, ஒன்று மற்றொன்றின் மடங்காக இருப்பது. 2/5 + 3/10 என்றால் 10-ஐ 5 வகுக்கிறது. பொதுப் பகுதி 10 தயாராகவே இருக்கிறது. 2/5-ஐ மட்டும் 4/10 ஆக்கினால் போதும். 4/10 + 3/10 = 7/10. இந்த வகையில் இரண்டு பகுதிகளையும் பெருக்கி 50 என்று கிளம்புவது வீண் வேலை.

இரண்டாம் வகை, இரண்டுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதது. 3-உம் 4-உம், 5-உம் 7-உம், 8-உம் 9-உம் இப்படி. இரண்டையும் பெருக்கினால் அதுவே மீ.சி.ம. 2/3 + 1/5 கணக்குக்குப் பட்டை 15 செ.மீ. ஆனது இதனால்தான்.

மூன்றாம் வகையில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பகுதிகளுக்குப் பொதுக் காரணி இருக்கும், ஆனால் ஒன்று மற்றதின் மடங்காக இருக்காது. 6-உம் 8-உம், 12-உம் 15-உம், 18-உம் 24-உம். சிறிய எண்கள் என்றால் பெரிய பகுதியின் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே போகலாம். 6-க்கும் 8-க்கும்: எட்டு, ஆறால் வகுபடாது, பதினாறு, வகுபடாது, இருபத்து நான்கு, வகுபடும். முடிந்தது. பெரியதன் வாய்ப்பாட்டைச் சொல்லுங்கள், சிறியதன் வாய்ப்பாட்டைச் சொன்னால் அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

எண்கள் பெரிதானால் வகுத்தல் முறைக்குப் போங்கள். 18, 24 இரண்டையும் பக்கத்தில் எழுதி, இரண்டையும் வகுக்கும் எண்ணை இடது பக்கம் எழுதுங்கள்.

2 | 18, 24
3 | 9, 12
  | 3, 4

3-ஐயும் 4-ஐயும் சேர்த்து வகுக்க இனி எந்த எண்ணும் இல்லை, நிறுத்திவிடலாம். இடப்பக்கத்து எண்களையும் கடைசி வரியில் மிஞ்சிய எண்களையும் பெருக்கினால் 2 × 3 × 3 × 4 = 72. இதுவே மீ.சி.ம.

இது எல்லோரும் சொல்லித்தருவது. ஆனால் இந்தச் சிறு அட்டவணையில் இன்னும் இரண்டு நல்ல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் தாண்டிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒன்றை அடுத்த படியிலும், மற்றதைச் சுருக்கும் படியிலும் சொல்கிறேன்.

மூன்றாம் படி: மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்குங்கள்

5/18 + 7/24. பொதுப் பகுதி 72. 18 எதனால் பெருக்கினால் 72 ஆகும்? 4. அதே 4-ஆல் தொகுதியையும் பெருக்க வேண்டும்: 5/18 = 20/72. 24-ஐ 3-ஆல் பெருக்கினால் 72: 7/24 = 21/72.

அட்டவணையின் கடைசி வரியைத் திரும்பிப் பாருங்கள். 18-க்குக் கீழே மிஞ்சியது 3, 24-க்குக் கீழே மிஞ்சியது 4. 18-ஐப் பெருக்க வேண்டிய எண் 4, 24-ஐப் பெருக்க வேண்டிய எண் 3. குறுக்காக மாறி வருகிறது. அதாவது ஒரு பகுதிக்குக் கீழே மிஞ்சிய எண்ணே மற்ற பின்னத்தைப் பெருக்க வேண்டிய எண். 72-ஐ 18-ஆல் வகுத்து, 24-ஆல் வகுத்து என்று தனியாகச் செய்ய வேண்டியதில்லை. இரண்டு பின்னங்கள் மட்டும் இருக்கும்போது இது எப்போதும் பலிக்கும். மூன்று பின்னங்கள் வந்தால் இந்தக் குறுக்குவழி செல்லாது; அப்போது மீ.சி.ம.வை ஒவ்வொரு பகுதியாலும் வகுத்தே பார்க்க வேண்டும்.

இந்தப் படியில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. 2/3 + 1/4 என்ற கணக்கில் பகுதிகளை 12 ஆக்கிவிட்டுத் தொகுதிகளை மறந்து 2/12 + 1/12 என்று எழுதிவிடுவார்கள். 2/3 என்பது பாதிக்கு மேலே. 2/12 என்பது ஆறில் ஒரு பங்கு. பட்டையில் எட்டுக் கட்டம் இருந்த இடத்தில் இரண்டுதான் மிஞ்சியிருக்கிறது. பிள்ளையின் நோட்டில் இதைப் பார்த்தால் தப்பு என்று அடிக்காதீர்கள். பட்டையை எடுத்து 2/3-ஐத் தீட்டச் சொல்லுங்கள். அதுவே சொல்லிவிடும்.

நான்காம் படி: தொகுதிகளைக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. 20/72 + 21/72 = 41/72. பகுதி அப்படியே நிற்கும்.

கழித்தலும் இதே வழிதான். 7/12 − 4/15 எடுத்துக்கொள்வோம். முதலில் மதிப்பீடு: 7/12 அரையைவிடச் சற்று அதிகம், 4/15 ஏறத்தாழ கால். விடை காலுக்கு மேலே, அரைக்குக் கீழே வரவேண்டும். 12, 15 இரண்டையும் 3 வகுக்கும், மிஞ்சுவது 4, 5. மீ.சி.ம. 3 × 4 × 5 = 60. குறுக்காக மாற்றினால் 12-ஐ 5-ஆலும் 15-ஐ 4-ஆலும் பெருக்க வேண்டும். 35/60 − 16/60 = 19/60. அறுபதில் கால் 15, அரை 30. விடை நடுவில்தான் இருக்கிறது.

ஐந்தாம் படி: சுருக்குங்கள், தகா பின்னமாக இருந்தால் கலப்பு பின்னமாக்குங்கள்

5/6 + 3/8 = 20/24 + 9/24 = 29/24. தொகுதி பகுதியைவிடப் பெரிதாகிவிட்டது. இதைத் தகா பின்னம் என்பார்கள். 29-ல் ஒரு முழு 24 போக மீதி 5. ஆக 1 5/24, அதாவது ஒன்றும் அதன்மேல் இருபத்து நான்கில் ஐந்தும்.

சுருக்குவதில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. மீ.சி.ம. பயன்படுத்தினால் விடை தானாகவே சுருங்கிய வடிவில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. 1/6 + 3/10 செய்து பாருங்கள். மீ.சி.ம. 30. 5/30 + 9/30 = 14/30. இரண்டையும் 2-ஆல் வகுத்தால் 7/15.

அப்படியானால் ஒவ்வொரு விடையையும் 2-ஆல், 3-ஆல், 5-ஆல், 7-ஆல் என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டாம். நான் மிச்சம் வைத்த இரண்டாவது விஷயம் இதுதான். கொடுத்த பின்னங்கள் இரண்டும் முன்பே சுருங்கிய வடிவில் இருந்து, நீங்கள் மீ.சி.ம.வைப் பயன்படுத்தியிருந்தால், அட்டவணையின் இடப்பக்கத்தில் நிற்கும் எண்களின் பகாக் காரணிகளை (அவற்றை வகுக்கும் 2, 3, 5, 7 போன்ற பகா எண்களை) மட்டும் சோதித்தால் போதும். வேறு எந்த எண்ணாலும் விடை சுருங்காது. 6, 10 என்றால் இடப்பக்கம் 2 மட்டும். 14 இரட்டை எண், சுருங்கும். 12, 15 என்றால் இடப்பக்கம் 3 மட்டும். 19-ஐ 3 வகுக்காது, 19/60 முடிந்த விடை. 18, 24 என்றால் 2, 3. 41-ஐ இரண்டும் வகுக்காது. பகுதிகளுக்குப் பொதுக் காரணியே இல்லாவிட்டால் இடப்பக்கம் காலி. அந்த வகையில் விடை எப்போதும் சுருங்கிய வடிவிலேயே வரும், சோதிக்கவே தேவையில்லை. போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது நாலு கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும்.

குறுக்குப் பெருக்கல் பற்றி

மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் குறுக்காகப் பெருக்கிக் கூட்டி, பகுதிகளின் பெருக்கலைக் கீழே எழுதும் முறை பலருக்குத் தெரிந்திருக்கும். 2/3 + 1/5 = (2 × 5 + 1 × 3) / (3 × 5) = 13/15. முறை சரிதான், எந்த இரண்டு பின்னங்களுக்கும் சரியான விடை தரும். பொதுக் காரணி இல்லாத சிறிய பகுதிகளுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் 5/18 + 7/24 கணக்கை இதே முறையில் செய்தால் (120 + 126) / 432 = 246/432 என்று வரும். இனி 6-ஆல் வகுத்து 41/72-க்கு வந்து சேர வேண்டும். முன்னால் மிச்சப்படுத்திய வேலை பின்னால் வந்து நிற்கிறது. அதைவிட முக்கியமாக, இந்த முறையை முதலில் கற்ற பிள்ளைக்குத் துண்டுகளின் அளவை ஒன்றாக்குகிறோம் என்பது கண்ணில் படுவதே இல்லை. பின்னப் பெருக்கல் பாடம் வந்ததும் இரண்டு விதிகளும் குழம்பிவிடும். ஆகவே பட்டை முதலில், மீ.சி.ம. அடுத்து, குறுக்குப் பெருக்கல் கடைசியில் என்பதே என் வரிசை.

கலப்பு பின்னமும் கடன் வாங்குதலும்

கூட்டலில் முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் கூட்டலாம். 2 3/4 + 1 5/6 = 2 9/12 + 1 10/12 = 3 19/12. பன்னிரண்டில் பத்தொன்பது என்றால் ஒரு முழுமையும் ஏழும். ஆக 4 7/12.

கழித்தலில்தான் கவனம் வேண்டும். 3 1/4 − 1 2/3. பொதுப் பகுதி 12 ஆக்கினால் 3 3/12 − 1 8/12. மூன்றிலிருந்து எட்டு போகாது. இந்த இடத்தில் இரண்டு பிழைகள் நடக்கும். முதலாவது, எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 5/12 என்று எழுதி, விடை 2 5/12 என்று முடிப்பது. இரண்டாவது, கடன் வாங்கும்போது சாதாரணக் கழித்தல் பழக்கத்தில் 3-ஐ 13 ஆக்கிவிடுவது. அங்கே பத்து வந்ததற்குக் காரணம், பத்தாம் இடத்தில் இருக்கும் ஒன்று பத்து ஒன்றுகளுக்குச் சமம். இங்கே ஒரு முழுமை என்பது பன்னிரண்டு துண்டு. ஆகவே வருவது 10 இல்லை, 12. அப்போது 3 3/12 என்பது 2 15/12 ஆகும். 2 15/12 − 1 8/12 = 1 7/12.

கடன் வாங்குவது பிடிக்காதவர்கள் இரண்டையும் தகா பின்னமாக்கிவிடலாம். 3 1/4 = 13/4, 1 2/3 = 5/3. 39/12 − 20/12 = 19/12 = 1 7/12. முழு எண்கள் சிறிதாக இருக்கும்போது இது சுலபம். 47 1/4 − 29 2/3 போன்ற கணக்கில் எண்கள் பெருத்துவிடும், அங்கே கடன் முறையே நல்லது.

முழு எண்ணிலிருந்து பின்னத்தைக் கழிக்க இவ்வளவு தேவையில்லை. 5 − 2/7: ஐந்தில் ஒன்றை மட்டும் உடைத்து 4 7/7 என்று எழுதினால் 4 5/7.

பட்டறையிலும் பழைய சுவடியிலும் இதே கணக்கு

கட்டட வேலை, தச்சு வேலை, வெல்டிங் பட்டறை எங்கே போனாலும் "மூணு நூல் கம்பி", "நாலு நூல் கம்பி" என்று பேசுவதைக் கேட்கலாம். நூல் என்பது ஒரு இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு. அரை இஞ்ச் நாலு நூல், முக்கால் இஞ்ச் ஆறு நூல். முக்கால் இஞ்ச் பலகைமேல் மூன்று நூல் கனத்தில் ஒரு ஷீட்டை ஒட்டினால் மொத்தக் கனம் எவ்வளவு என்று ஒரு ஆசாரியைக் கேளுங்கள். ஆறும் மூணும் ஒன்பது நூல், ஒரு இஞ்ச் ஒரு நூல் என்று உடனே சொல்வார். நோட்டில் எழுதினால் 3/4 + 3/8 = 6/8 + 3/8 = 9/8 = 1 1/8. அளவையே எட்டில் ஒரு பங்காக வைத்துக்கொண்டதால், பொதுப் பகுதி கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு முன்பே முடிந்துவிட்டது.

நம் பழைய பின்ன வரிசையும் இதே அறிவில் கட்டப்பட்டதுதான். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்கு முந்திரி என்பது 1/320. அதை வைத்து எண்ணினால் காணி 4 முந்திரி, மா 16, வீசம் 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160, முக்கால் 240. 320 என்ற எண்ணுக்கு ஒரு சிறப்பு இருக்கிறது: 64-ஐ 5-ஆல் பெருக்கினால் வருவது. அதனால் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும் அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாமும், ஐந்தோடு தொடர்புள்ள இருபதில் ஒன்று, எண்பதில் ஒன்று எல்லாமும் அதில் மீதியின்றி அடங்கும். காலும் ஒரு மாவும் சேர்ந்தால் எவ்வளவு? 80 + 16 = 96 முந்திரி. 96/320-ஐச் சுருக்கினால் 3/10. நம் முறையில் 1/4 + 1/20 = 5/20 + 1/20 = 6/20 = 3/10.

'முக்காலே மூணு வீசம்' என்று இன்றும் பேச்சில் சொல்கிறோம். அதுவும் ஒரு வேற்றினப் பின்னக் கூட்டல்தான்: 3/4 + 3/16 = 12/16 + 3/16 = 15/16. முழுமைக்கு ஒரே ஒரு வீசம் குறைவு.

மூன்றில் ஒரு பங்கு மட்டும் 320-ல் அடங்காது. ஒரு நிலையான அளவை வைத்துக்கொண்டு எல்லாப் பின்னத்தையும் கூட்ட முடியாது என்பதால்தான், கணக்குக்குக் கணக்கு பொதுப் பகுதியைப் புதிதாகத் தேடும் முறை நமக்குத் தேவைப்படுகிறது.

தேர்வில் எங்கே வரும்?

வேலையும் காலமும் கணக்குகள் முழுக்க இதுதான். ஒருவர் ஒரு வேலையை 6 நாளிலும் இன்னொருவர் 8 நாளிலும் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? ஒரு நாளில் முதலாமவர் 1/6, அடுத்தவர் 1/8. 4/24 + 3/24 = 7/24. ஒரு நாளில் இருபத்து நான்கில் ஏழு பங்கு முடிகிறது என்றால் முழு வேலைக்கு 24/7 = 3 3/7 நாள். மதிப்பீடு இங்கேயும் உதவும்: 6 நாள்காரர் இருவர் இருந்தால் 3 நாள், 8 நாள்காரர் இருவர் இருந்தால் 4 நாள். விடை இரண்டுக்கும் நடுவில்தான் வரவேண்டும், வந்திருக்கிறது.

தொட்டிக் கணக்கில் கழித்தல் வரும். ஒரு குழாய் 4 மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், அடியில் இருக்கும் குழாய் 6 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்தால் ஒரு மணி நேரத்தில் 1/4 − 1/6 = 3/12 − 2/12 = 1/12. நிரம்ப 12 மணி நேரம்.

மூன்று பின்னங்கள் வந்தால் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே மீ.சி.ம. எடுங்கள். 1/2 + 2/3 + 3/4 = 6/12 + 8/12 + 9/12 = 23/12 = 1 11/12. இரண்டிரண்டாகக் கூட்டினாலும் சரியே, ஒரு வரி கூடும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒவ்வொன்றுக்கும் முதலில் மதிப்பீட்டை ஓரத்தில் எழுதுங்கள், பிறகு போடுங்கள்.

1. 3/7 + 2/21
2. 4/9 + 1/4
3. 5/12 + 3/20
4. 9/10 − 5/6
5. 4 1/6 − 2 3/4
6. 1/2 + 1/3 + 1/6
7. முக்கால் இஞ்ச் கனமுள்ள பலகையில் இரண்டரை நூல் ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்தால், அந்த இடத்தில் மீதி எவ்வளவு கனம்?

விடைகள். முதல் கணக்கில் 21-ஐ 7 வகுக்கும் என்பதால் நேராக 9/21 + 2/21 = 11/21. இரண்டாவதில் பொதுக் காரணி இல்லை; 16/36 + 9/36 = 25/36, சுருங்காது. மூன்றாவதில் 12, 20 இரண்டையும் 4 வகுக்கும், மிஞ்சுவது 3, 5, மீ.சி.ம. 60; 25/60 + 9/60 = 34/60; இடப்பக்கத்து 4-க்குப் பகாக் காரணி 2 மட்டும், அதனால் வகுத்தால் 17/30. நான்காவது 27/30 − 25/30 = 2/30 = 1/15; இரண்டும் 1-க்கு நெருங்கிய பின்னங்கள் என்பதால் விடை சிறிதாகத்தான் வரவேண்டும். ஐந்தாவதில் 4 2/12 என்பது கடன் வாங்கிய பின் 3 14/12. அதிலிருந்து 2 9/12 போனால் 1 5/12. ஆறாவது 3/6 + 2/6 + 1/6, சரியாக 1. ஏழாவதில் நூலில் பாதி வருவதால் எட்டு போதாது, பதினாறுக்குப் போக வேண்டும்: 12/16 − 5/16 = 7/16 இஞ்ச், பட்டறைப் பேச்சில் மூன்றரை நூல்.